பறவை கூப்பிட்டபோது மிஷின் ஓடிக்கொண்டிருந்ததா

ஹால்வோர் முதலில் கேட்டது எடையைப் பற்றி. அந்தக் காலத்து மிஷின் ரம்பம் எவ்வளவு கனம் இருந்தது என்று உங்காட் மாமாவிடம் கேட்கும்படி என்னிடம் சொன்னார்.

ஹால்வோர் நார்வேக்காரர். இளம் வயதில் தானும் மரம் வெட்டியவர். முதல் முதலாக வந்த மிஷின் ரம்பங்களைத் தூக்கியவர்கள் எந்தெந்த நாட்டில் உயிரோடு இருக்கிறார்களோ, அவர்களைத் தேடிப்போய் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். நான் காபிட் ஊர்ப் பள்ளியில் ஆசிரியை; விடுமுறைக்கு ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் நீள்வீட்டுக்கு, பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் அறை அறையாக வாழும் வீட்டுக்கு, வந்திருந்த வாரத்தில் அவரும் படகில் வந்து இறங்கினார். வீட்டில் ஆங்கிலம் பேச வேறு ஆள் இல்லை. அதனால் எல்லோருக்கும் பொதுவான நீண்ட கூடத்தில் என்னைப் பாயின் நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு இடப்பக்கம் உங்காட் மாமா. அவருக்கு அப்பால், தூணில் சாய்ந்தபடி, அவருடைய தங்கை புருஷன் கராய் மாமா. கராய் மாமா தன் மரக்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

உங்காட் மாமாவுக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. வலது காதில் வாயை வைத்துச் சொன்னால் கேட்கும். ஆகவே ஒவ்வொரு கேள்வியையும் நான் ஒரு முறை எங்கள் இபான் மொழியில் கூடத்துக்குச் சொல்லி, இன்னொரு முறை அவருடைய வலது காதுக்குள் சொல்ல வேண்டியிருந்தது.

"ஒரு நடுத்தரப் பன்னி இருக்கும்" என்றார் உங்காட் மாமா, காது கேட்காதவர்களின் உரத்த குரலில். "ஆனா பன்னி செத்தா சும்மா கெடக்கும். இது கைக்குள்ள உதறிக்கிட்டே இருக்கும்."

"பொண்டாட்டியக்கூட இவன் அப்படித் தூக்கினதில்ல" என்றார் கராய் மாமா. "மழை பேஞ்சா தன் போர்வைய அதுக்குப் போத்திட்டு இவன் குளுர்ல நடுங்கிட்டுக் கெடப்பான். மிஷினுக்குச் சளி புடிச்சிடும்னு."

கூடம் சிரித்தது. உங்காட் மாமாவுக்கு அது கேட்டிருக்காது. மற்றவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பிந்திச் சிரித்தார். அது அவருடைய பழக்கம்.

பிறகு ஹால்வோர் கயிறு இழுத்துக் கிளப்புவதைப் பற்றிக் கேட்டார். எண்ணெய் கலப்பதை, சங்கிலி கழன்று முகத்துக்கு வருவதைப் பற்றிக் கேட்டார். உங்காட் மாமா எல்லாவற்றுக்கும் கையால் காட்டிக் காட்டிப் பதில் சொன்னார். மிஷின் அதிர்ந்து அதிர்ந்து, குளிரில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகிறதா என்று கேட்டுவிட்டு, ஹால்வோர் தன் விரல்களை நீட்டினார். மாமாவும் நீட்டினார். இரண்டு பேரும் மற்றவர் விரலை அழுத்திப் பார்த்துக்கொண்டார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஹால்வோர் தன் காதிலிருந்த சின்னக் கருவியைக் கழற்றித் துடைத்து எல்லோருக்கும் காட்டினார். கூடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக அதைக் காதில் வைத்துப் பார்த்தார்கள். உங்காட் மாமாவிடம் வந்தபோது அவர் புறங்கையால் அதைத் தள்ளிவிட்டார்.

கடைசியில் ஹால்வோர், கராய் மாமாவின் காலைப் பார்த்து, அது மரத்தாலா, மிஷினாலா என்று கேட்டார்.

"மரம்" என்றார் கராய் மாமா. "எழுதிக்கச் சொல்லு. இவன்மேல தப்பு ஒண்ணும் இல்ல. நான் கீழ ஓடையில தண்ணி எடுக்கப் போயிருந்தேன். பறவை கூப்பிட்டுச்சு, இடது பக்கம். சரி, இன்னிக்கி வேலை அவ்வளவுதான், எறங்கி வாடான்னு சொல்ல மேல ஏறி வந்தேன். கத்திக்கிட்டேதான் வந்தேன். மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இவனுக்கு எப்படிக் கேக்கும்? மரம் வந்துடுச்சு."

இதை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. இடப்பக்கம் அந்தக் குட்டி மரங்கொத்தி கூப்பிட்டால் அன்று மரத்தில் இரும்பு வைக்கக் கூடாது என்பதை மட்டும் சேர்த்து, ஆங்கிலத்தில் சொன்னேன். ஹால்வோர் எழுதிக்கொண்டே வந்து, நிறுத்தினார். அவர் முகத்தில் சந்தேகம் எதுவும் இல்லை. தொழில் தெரிந்தவருக்கு வரும் சாதாரணக் கேள்வி அது. அந்த மிஷின் ஓடினால் பக்கத்தில் நிற்பவன் கத்துவதே காதில் விழாதே, அப்படியிருக்க இவருக்குப் பறவை எப்படிக் கேட்டது என்றார்.

மற்ற கேள்விகளைச் சொன்ன அதே குரலில் இதையும் நான் இபானில் சொன்னேன்.

யாரோ கோப்பையைக் கீழே வைத்தார்கள். கராய் மாமா தன் மைத்துனர் பக்கம் திரும்பவில்லை. "எங்க காது அப்படித்தான்னு சொல்லு" என்றார். "மலைக்கு அந்தப் பக்கம் பன்னி தும்மினாக்கூட எங்களுக்குக் கேக்கும்." சொல்லிவிட்டு ஹால்வோரின் கோப்பையில் துவாக் ஊற்றினார். அரிசிக் கள் வழிந்து பாயில் சிந்தியது. எல்லோரும் சிரித்தார்கள், சற்றுப் பிந்தி.

உங்காட் மாமா சிரிக்கவில்லை. என் முழங்கையைத் தொட்டு, "என்ன கேட்டான்?" என்றார். அந்தக் கேள்வி அவருக்கானது அல்ல என்பதால் நான் அவர் காதில் சொல்லியிருக்கவில்லை. இப்போது சொன்னேன். மழை வரும்போல என்று யாரோ சொன்னதற்குத் தலையாட்டுவதுபோல ஆட்டினார். பிறகு தன் வெளுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றி எங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

உங்காட் மாமா கோடரி பிடித்து வளர்ந்தவர். பெரிய மரத்தின் அடியில் பலகைபோல் விரிந்த வேர்களுக்கு மேலே பரண் கட்டி, அதில் நின்று வெட்டுவார்களாம். இளைஞர்கள் வெளியூர் போய் உழைத்து, வீட்டுக்குப் பெருமையாக ஏதாவது கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். முன்காலத்தில் பெரிய பீங்கான் சாடிகள். மாமாவின் காலத்தில் படகுக்கு மாட்டும் மோட்டார். அதற்காகத்தான் அவர் ஆற்றின் மேல்பகுதியில் மரம் வெட்டுகிறவர்களின் கூடாரத்துக்குப் போனார். அப்போதுதான் அவருடைய தங்கை லெமாயுங்கைக் கட்டியிருந்த கராய் மாமாவும் கூடப் போனார். கூடாரத்துக்கு மிஷின் ரம்பம் வந்தபோது பலரும் அதைக் கிளப்பத் தெரியாமல் திணறினார்கள். உங்காட் மாமாவுக்கு மட்டும் அது மூன்றாம் இழுப்பில் பேசியது. அதனால் அவரிடம் கொடுத்தார்கள், பிடித்துப் பார், சரியாக வந்தால் உனக்கே என்று. கராய் மாமா அவருக்குக் கையாள். எண்ணெய் டின் சுமப்பது, கொடிகளை அறுப்பது, தப்பி ஓட வழி வெட்டி வைப்பது அவர் வேலை.

கோடரியில் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் இடைவெளி உண்டு. பறவை சொல்ல நினைத்ததை அந்த இடைவெளியில் சொல்லிவிடும். இடது பக்கம் கேட்டால் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். வீட்டில் பாதிப் பேர் ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் மரம் வெட்டும் நாளில் இதை மீறியவர்கள் குறைவு. ஆனால் இதற்கு ஒரு விலக்கும் இருந்தது. புது நீள்வீட்டுக்கு முதல் தூண் நடும் நாள் போன்ற பெரிய நாட்களில், பறவைச் சத்தம் காதில் விழாதபடி சேகண்டிகளை விடாமல் அடிப்பார்கள். கேட்காத கூவல் யாரையும் கட்டாது.

மரக் கூடாரத்துப் பையன்கள் இதை வேடிக்கையாக்கிவிட்டார்கள். பறவைக்காக வேலையை நிறுத்தினால் அங்கே கூலி இல்லை. ஆகவே எங்காவது பறவை தொண்டையைச் செருமினால் போதும், "சேகண்டி அடிடா" என்று ஒருவன் சொல்வான், இன்னொருவன் மிஷினின் கயிற்றை இழுப்பான். காடு முழுக்க வேறெதுவும் கேட்காது. இதை எனக்குச் சொன்னது கராய் மாமாதான், சிரித்துக்கொண்டே.

கால் போன பிறகு கராய் மாமாவால் மலையில் ஏற முடியவில்லை. அன்றிலிருந்து உங்காட் மாமா அவருடைய மலை நிலத்தை முதலில் எரித்து, முதலில் விதைத்துக் கொடுத்துவிட்டுத்தான் தன் நிலத்துக்குப் போவார். பன்றி கிடைத்தால் தொடை கராய் மாமாவின் அறைக்குப் போகும். முதல் மரக்காலை ஏழிலைப்பாலையில் செதுக்கியவர் அவர்தான். அது தேய்ந்த பிறகு அடுத்ததையும் அவரே செதுக்கினார். படகுத்துறையிலிருந்து வீட்டுக்கு ஏறும், ஒரே கட்டையில் வெட்டிய படியில், மழை நாட்களில், மைத்துனரை முதுகில் தூக்கிக்கொண்டு வருவார். முதுகிலிருந்தபடி கராய் மாமா, "மெதுவாடா கழுதை, சரக்கு ஒடஞ்சிடும்" என்பார்.

வீடே அவரைப் புகழும். அறுவடைத் திருநாளில் புதிதாகக் கல்யாணமானவர்களை நிற்க வைத்து, வீட்டுத் தலைவர் உங்காட் மாமாவின் கோப்பையை நிரப்பி, மைத்துனன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பார். அப்போதெல்லாம் மாமா எழுந்து, படகின் கயிறு சரியாக இருக்கிறதா பார்த்துவிட்டு வருகிறேன் என்று போய்விடுவார். புகழ் பிடிக்காத மனிதர் என்று எல்லோரும் அதற்கும் சேர்த்துப் புகழ்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஹால்வோர் வந்துபோன அந்த ஆண்டில்தான், தனக்கு வயதாகிவிட்டது, அறுவடை முடிந்ததும் வேறு ஆளைத் தலைவராக்குங்கள் என்று வீட்டுத் தலைவர் சொல்லியிருந்தார். எல்லோர் வாயிலும் உங்காட் மாமாவின் பெயர்தான். அறை அறையாக மரக்காலோடு போய் அவருக்காகப் பேசியது கராய் மாமா. "செவிட்டுத் தலைவரா?" என்று கேட்டுவிட்டு லெமாயுங் அத்தையே சொன்னாளாம்: "நல்லதாப் போச்சு. ரெண்டு பக்கத்துப் பொய்யும் காதுல விழாது. நேரா தீர்ப்பு சொல்லிடலாம்." உங்காட் மாமா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அறுவடை முடிவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு பள்ளி நாள் பிற்பகலில், அவர் காபிட்டில் என் குடியிருப்பு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கட்டுக் காட்டுக் கீரையும் இலையில் சுற்றிய புகையிட்ட இறைச்சியும். காப்பி கொடுத்தேன். விரல்களை நம்பாமல் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் கோப்பையைப் பிடித்துக் குடித்தார்.

"அந்த வெள்ளைக்காரன் கேட்டதப் பத்திப் பேசணும், புள்ள" என்றார்.

துணி காயப் போட்டுக்கொண்டிருந்த அடுத்த வீட்டு ஆசிரியை திரும்பிப் பார்த்தாள். காது போனவர்களுக்கு ரகசியக் குரல் கிடையாது. அவர் மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னது இரண்டு வீடு தள்ளிக் கேட்டது. நான் ஜன்னலைச் சாத்தினேன். நான் சாத்தியதைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. சத்தம் இருக்கிற இடமாகப் பார்த்துப் போகலாம் என்றார்.

விரைவுப்படகுத் துறைக்குப் போனோம். ஆற்றின் கீழ்ப்பக்கம் சிபு நகரத்துக்குக் கிளம்ப வேண்டிய படகுகள் வரிசையாக மோட்டாரை ஓடவிட்டு நின்றன. மிதவையின் இரும்புப் பலகை காலுக்குக் கீழே அதிர்ந்தது. கரிப்புகை. மூட்டைகள், கோழிக் கூடைகள். யாரும் யாரையும் கவனிக்கவில்லை. கைப்பிடிக் கம்பி ஓரத்தில் இருவரும் உட்கார்ந்தோம். அவர் தண்ணீரைப் பார்த்தபடி தன் வழக்கமான குரலில் பேசினார். எனக்கு மட்டும் கேட்டது.

"அன்னிக்கி மிஷின் ஓடல" என்றார்.

எண்ணெய் தீர்ந்து நிரப்புவதற்காக நிறுத்தியிருந்தாராம். மரத்தில் அறுக்க வேண்டியது இன்னும் ஒரு கை அகலம். சத்தம் நின்றதும் காது கொஞ்ச நேரம் ரீங்கரித்து, அடங்கி, காடு திரும்பக் கேட்க ஆரம்பித்தது. அப்போது பறவை கூப்பிட்டது.

"இடது பக்கம். தெளிவா. அவனுக்குக் கேட்ட மாதிரியே எனக்கும் கேட்டுச்சு. அப்புறம் கீழேருந்து அவன் கூப்பிட்டான். கேட்டியா மச்சான், எறங்குடா, போலாம்னான். ஒவ்வொரு சொல்லும் கேட்டுச்சு."

அவர் ஏன் இறங்கவில்லை என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். மரத்தை அரைகுறையாக நிறுத்திவிட்டுப் போனால் காற்றில் எந்தப் பக்கமும் சாயலாம் என்பது ஒரு காரணம். அதைத்தான் அன்றைக்குத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம். ஆனால் அது இல்லை. ஒரு சிறு பறவைக்காக மிஷினைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தால் மற்ற கூட்டத்துப் பையன்கள் என்ன சொல்வார்கள் என்று இருந்தது. மிஷினைத் திரும்ப வாங்கி வேறு ஒருவனிடம் கொடுத்துவிடுவார்கள் என்று இருந்தது.

"சேகண்டி அடிச்சேன்" என்றார். "எப்பவும் மூணாவது இழுப்புலதான் கெளம்பும். அன்னிக்கி மொத இழுப்புலயே கெளம்பிடுச்சு."

கராய் மாமா சுற்று வழியில் வந்திருந்தால் தப்பியிருப்பார். ஆனால் பறவை கூப்பிட்ட பிறகு எவனும் மரத்தில் இரும்பு வைக்கமாட்டான் என்று நம்பி, மரம் விழப்போகிற பக்கமாகவே, நேராக ஏறி வந்தார். மிஷின் சத்தம் கேட்டும் வந்தார். மைத்துனன் எண்ணெய் சரிபார்க்க ஓட்டிப் பார்க்கிறான் என்று நினைத்திருப்பார், அல்லது என்ன நினைத்தாரோ.

"படகுல கொண்டு போறப்ப மேஸ்திரி கேட்டான், எப்படி ஆச்சுன்னு. நான் வாயத் தொறக்கல. அவன்தான் சொன்னான், படுத்துக்கிட்டே. மிஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, இவனுக்குக் கேக்கலன்னு. நான் தலையாட்டினேன். அவன் குடுத்தான், நான் வாங்கிக்கிட்டேன். அப்புறம் அதத் திருப்பிக் குடுக்கவே முடியல."

ஒரு படகு கிளம்பியது. நான் அவருடைய வலது காதில், அதற்குப் பிறகும் ஏன் அத்தனை வருடம் மிஷின் பிடித்தீர்கள் என்று கேட்டேன். எனக்கே தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"அந்தச் சத்தத்துக்குள்ள இருந்தா யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்க முடியாதுல்ல" என்றார். "காது போகப் போகுதுன்னு தெரிஞ்சுது. போகட்டும்னு விட்டேன்."

கராய் மாமாவுக்குத் தெரியுமா என்றேன்.

"அதுதான் தெரியல. அவனுக்குப் பறவை கேட்டுச்சுன்னா அப்ப மிஷின் ஓடல. சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியும். எங்கேயோ குளுர் நாட்டுலேருந்து வந்தவனுக்கு ஒரு நாள்ல புரிஞ்சுது. நம்ம வீட்டுல முப்பது வருசமா எல்லாரும் அந்தக் கதையக் கேக்குறாங்க, ஒருத்தர்கூட அந்தக் கேள்வியக் கேக்கல." கைப்பிடிக் கம்பியை உள்ளங்கையால் தேய்த்தார். "எனக்கு அதுதான் புள்ள, தாங்க முடியல. அவனுக்கு மட்டும் தெரியும்னா ஒரு மாதிரி. எல்லாரும் தெரிஞ்சுக்கிட்டே எனக்குத் துவாக் ஊத்தினாங்கன்னா அது வேற மாதிரி."

நான் சின்ன வயதிலிருந்து அந்தக் கூடத்தில் உட்கார்ந்து அந்தக் கதையைக் கேட்டவள். இரண்டு மொழியில் படித்தவள். எனக்கும் அந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றியதில்லை, அல்லது தோன்றவிடாமல் வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் படகுகளைப் பார்த்தேன்.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் நாளில் எழுந்து மறுத்துவிட்டால் போதாதா என்று கேட்டேன். போதாது என்றார். மறுத்தால் அடக்கம் என்பார்கள், இன்னும் புகழ்வார்கள். அதற்கு முதல் நாள், சனிக்கிழமையே, கராய் மாமாவின் அறைக்குள் போய், லெமாயுங் அத்தையும் இருக்கும்போது சொல்லிவிடப்போவதாகச் சொன்னார். சொல்வதற்கு ஆள் வேண்டாம், சொல்ல அவரிடம் வாய் இருக்கிறது.

"ஆனா அவன் பதில் சொல்வான்ல" என்றார். "அவன் சத்தம் போட்டுப் பேசுற ஆளு இல்ல. கோவம் வந்தா இன்னும் கொரல் எறங்கிடும். எனக்குக் கேக்காது. மறுபடியும் அவன் மொகத்தப் பாத்துக் குத்துமதிப்பாத் தலையாட்டிட்டு வரக் கூடாது நான்."

எங்கள் வீட்டுப் பக்கம் போகும் படகு சங்கு ஊதியது. அவர் எழுந்து, தன் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பி, வலது காதைத் தொட்டுக் காட்டினார்.

"சனிக்கிழமை நீ வீட்டுக்கு வா. இந்தப் பக்கம் உக்காந்துக்க. அவன் என்ன சொல்றானோ அத எங்காதுல சொல்லு. வெளியாளுக்குச் சொல்ற மாதிரி நல்லாக்கிச் சொல்லாத. திட்டினா அந்தத் திட்டச் சொல்லு. சிரிச்சா, சிரிச்சான்னு சொல்லு. ஒண்ணுமே சொல்லாம இருந்தா, அதையும் சொல்லிடு புள்ள."